ஊசியில் புகைந்த பற்கள் குறித்து மருதங்கோட்டைக்கு

வெண்பாழி நாடாளும் நெடுந்தேவியாரின் அமைச்சன் பெருஞ்சேனன், வடவெல்லை காக்கும் மருதங்கோட்டைத் தலைவர் எழினிக்குமரனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் மதில் நிலைபெறுக, அகழி நிறைக, தங்கள் வீரர் வீடுதோறும் விளக்கு எரிக.

கிணறுவெட்டி சேந்தனின் வலக்கைக் கட்டைவிரலை வளர்பிறை ஏழாம் நாள் உச்சிமுரசு ஒலித்ததும் துணிக்கத் தாங்கள் நாள் குறித்திருப்பதை அறிவோம். அதனை நிறுத்துக. காரணம் காட்டாத ஆணைக்காகத் தங்கள் கோட்டையில் எத்தண்டனையும் நின்றதில்லை என்பதால், காரணம் முழுவதையும் இங்கே விரிக்கிறோம். படித்து முடியும்வரை முரசின்மேல் கோல் படலாகாது.

மனிதர் தோன்றுமுன் இம்மண்ணில் உலவி, புதைந்து கல்லாய்ப்போன அரக்கப்பல்லிகளின் பற்களைத் தேவியாரின் அரும்பொருட்சாலைக்கு வாங்குவதும், வாங்குமுன் சோதிப்பதும் கண்காணி காரிக்கண்ணியின் பொறுப்பு. மணற்பாறையில் கிணறு வெட்டுகையில் கிடைத்தவை என்று சேந்தன் பதினொரு பற்களைக் கொணர்ந்தான். தங்கள் பண்டசாலை வழியாக அவை, கோட்டைக்கு வந்திருந்த அவள்முன் வைக்கப்பட்டன.

முதலையின் பல் உருண்டு கூம்பும். ஊனுண்ணும் அரக்கப்பல்லியின் பல்லோ இருபுறமும் தட்டையாகிக் கத்திபோல் வளையும். அதன் விளிம்பில் ரம்பம்போல் நுண்பற்கள் வரிசையிடும். அரத்தால் கீறிய போலியில் அவ்வரிசை அடிமுதல் நுனிவரை ஒரே கூர்மையாய் இருக்கும். மெய்யான பல்லில், இரை கடித்துக் கடித்து நுனிப்பக்கம் மழுங்கியிருக்கும். உருவைப் பெரிதாக்கும் படிகத்தை வைத்துப் பார்த்தாள். மழுங்கியிருந்தது. அவள் முகம் மலர்ந்ததைச் சேந்தனும் கண்டான்.

எஞ்சியது ஊசிச் சோதனை. உடைந்த நுனியொன்றை வேறொரு வேருடன் குங்கிலியப் பசையால் ஒட்டி, ஒட்டிய இடத்தில் மணல் தூவி, முழுப்பல் என்று விற்போர் உண்டு. பழுக்கக் காய்ச்சிய ஊசி கல்லைத் தொட்டால் ஒன்றும் நேராது. பசையைத் தொட்டால் புகையும். தொட்டாள். குங்கிலியம் மணந்தது. பதினொன்றும் புகைந்தன.

“அம்மணி, பல்லை ஒட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இருந்தால் பாறையை ஏன் கொத்துகிறேன்? என் மண்வெட்டிக் காம்பு உடைந்து ஓராண்டாயிற்று, இன்னும் கயிற்றால்தான் கட்டியிருக்கிறேன்” என்று அவன் நகைத்தானாம். குற்றவாளிக்கு நகைப்பும் ஒரு வேடம் என்று எண்ணி, பற்கள் போலி என்னும் தீர்ப்பில் அவள் முத்திரை இட்டாள். இதை அவளே எம்மிடம் உரைத்தாள்.

சான்றுக்கென ஒரு பல்லை எடுத்துக்கொண்டு தலைநகர் திரும்பும் வழியெல்லாம் அந்த மழுங்கிய நுனி அவளை உறுத்தியது. ஒட்டி ஏமாற்றுபவன் பதினொரு நுனிகளுக்கும் வெவ்வேறு தேய்மானத்தை எங்கிருந்து கொண்டுவருவான்? வந்ததும், ஆறாண்டுகளுக்கு முன் ஆற்றங்கரையில் தன் கையால் தோண்டி, தங்கள் கோட்டை வழியாக அனுப்பிய பல்லை எடுத்து ஊசி வைத்தாள். அதுவும் புகைந்தது.

அந்நேரம் பண்டங்களுடன் தலைநகர் வந்திருந்த தங்கள் பண்டசாலைக் காவலன் மள்ளனை அழைத்து வினவினோம். அரண்மனைக்குப் போகும் பொருள் எதுவாயினும் பூச்சியும் ஈரமும் அணுகாதிருக்கக் குங்கிலியக் குழம்பு பூசியே அனுப்புவது கோட்டை வழக்கம் என்றான். கல்லுக்குமா என்று காரிக்கண்ணி கேட்டாள். “கல்லைக் கரையான் தின்னுமா என்று யோசிக்கவா தாயே என்னை வைத்திருக்கிறார்கள்? பூசு என்றார்கள், பூசினேன். போன மாதம் இரும்புச் சங்கிலிக்கும் பூசினேன்” என்றான் அவன்.

சான்றுப் பல்லை அவள் சூடான எள்ளெண்ணெயில் ஊறவைத்துக் குங்கிலியத்தைக் கரைத்து, எண்ணெய்ப் பசை போகச் சீயக்காயிட்டுக் கழுவி, வெயிலில் உலர்த்தி, எம் கண்ணெதிரே மீண்டும் ஊசி வைத்தாள். புகை இல்லை. பூச்சு நீங்கியதும் வேரிலிருந்து நுனிவரை ஒரே விரிசல் இடையறாது ஓடுவது தெரிந்தது. இருவேறு துண்டுகளை ஒட்டியிருந்தால் ஒன்றின் விரிசல் மற்றொன்றில் தொடராது. ஊசி பொய் சொல்லவில்லை. அது தங்கள் பண்டசாலையின் பூச்சைச் சொன்னது. அதைச் சேந்தனின் குற்றமாகப் படித்தவள் காரிக்கண்ணி.

கோட்டையிலுள்ள மற்றப் பத்தும் மெய் என்று அவள் கூறவில்லை. கழுவாத பல்லைப் பற்றி இனி வாய்திறக்க மாட்டாளாம். எனினும் தன் தீர்ப்பை முற்றாகத் திரும்பப் பெற்றாள். ஆகவே சேந்தனைக் கட்டவிழ்த்து விடுக. பத்துப் பற்களும் அவன் கண்ணெதிரே கழுவப்பட்டுச் சோதிக்கப்படுக. கண்காணி பாராத பொருளின்மேல் இனிப் பண்டசாலையின் தூரிகை படாதிருக்க.

பிழைபட்ட தீர்ப்பை முரசுக்கு முன் திரும்பப் பெறும் கண்காணி பதவியை மட்டும் இழப்பாள். முரசுக்குப் பின்னெனில் அதே தண்டனை அவளுக்கும் உரியது என்னும் சட்டம் தாங்கள் அறிந்ததே. ஆதலால் ஓலையைத் தூதனிடம் கொடுத்துவிட்டு இங்கேயே இருக்குமாறு தேவியார் கூறினார். அவள் இசையவில்லை. இதனைத் தங்கள் கையில் தந்து எதிரே நிற்கும் பெண் அவளே. முரசு முந்தியிருந்தால் என் செய்வது என்று யாம் கேட்கையில் தேவியார் முத்திரைக்கு அரக்கை உருக்கச் சொன்னார்.

வளர்பிறை ஐந்தாம் நாள், வெண்பாழி அரண்மனையில் எழுதி முத்திரையிட்டது. இது தேவியாரின் ஆணை, எவரும் மீறற்க. அரக்கு ஆறும்வரை அவள் காத்திராமையால் முத்திரை ஒருபுறம் கலைந்திருக்கும். ஐயுற வேண்டா, முத்திரை மெய்யே.