ஈரத்துக்குக் கழிச்சுக்க மாப்ள

வத்தல் நெடிக்கு ஒரு தும்மல்கூடப் போடாத என் சிக்கந்தர் மச்சானுக்கு,

இன்றைக்குக் காலையில் கடைத் தராசில் ஏறி நின்றேன். தொண்ணூற்று நாலு கிலோ அறுநூறு. கழிவு எதுவும் போடாமல் சொல்கிறேன், நம்பு. நீ போகும்போது நான் நூற்றுப் பதினெட்டு. நாலு வருஷம் ஓடிவிட்டது. இப்போதுதான் உனக்கு எழுதுகிற தைரியம் வந்திருக்கிறது.

இதை நாலு பேர் படிக்கிற இடத்தில்தான் எழுதுகிறேன். நாலு பேர் முன்னால்தானே அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சிரித்தேன்?

அருப்புக்கோட்டையில் பத்துக்குப் பத்து அறையில் நான் மிளகாய் வத்தல் கடை போட்ட காலத்திலிருந்து நீ என்னோடு இருந்தாய். திருச்சுழியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாய். பேரம் பேசுகிற வாய் என்னுடையது, சரக்குப் பார்க்கிற கை உன்னுடையது. மூட்டைக்குள் முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஓர் உருண்டை முண்டு வத்தலை எடுத்துக் காதோரம் குலுக்குவாய். விதை கலகலத்தால் காய்ந்த சரக்கு. சத்தம் வராவிட்டால் கட்டைவிரலால் அமுக்குவாய். அமுக்கின பள்ளம் அப்படியே நின்றால், "மாப்ள, ஈரம்! ரெண்டு கிலோ கழிச்சுக்க" என்று தெருவுக்கே கேட்கக் குரல் கொடுப்பாய். வெள்ளாமை பண்ணிக் கொண்டுவந்த சம்சாரி முகம் சுண்டிப்போகும். ஆனால் உன்னிடம் ஒருவரும் மறுத்துப் பேசியதில்லை.

அந்தப் பங்குனித் திங்கட்கிழமை நினைவிருக்கிறதா? செருப்பு வாரை மாட்டாமல் இழுத்துக்கொண்டே வந்தாய். திங்கள்தோறும் நாம் இருவரும் தராசில் ஏறி யார் பெரிய மூட்டை என்று பார்ப்போமே, அப்படி ஏறினாய். முந்தின வாரத்தைவிட நாலு கிலோ கூட.

"என்ன மச்சான், மருமகன் கல்யாணத்துல பிரியாணிய தேக்சாவோட முழுங்கிட்டியா?" என்றேன்.

"ஏலே, ஈரத்துக்குக் கழிச்சுக்க மாப்ள" என்றாய்.

கடையே சிரித்தது. லோடு இறக்க வந்தவர்கள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரித்து முடித்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாய். "மூச்சு வாங்குது மாப்ள. நெடியோ என்னமோ" என்றாய்.

"நெடி இல்ல மச்சான், தொப்பை."

ஒன்பதாம் நாள் திருச்சுழியிலிருந்து போன் வந்தது. இருதயம் என்றார்கள். மையவாடியில் மூன்று கை மண் போட்டுவிட்டு வந்து மறுநாளே கடை திறந்தேன். வத்தல் சீசன். வேறு என்ன செய்ய?

அடுத்த பங்குனிக்குள் எனக்கே மாடிப்படி பத்துக்கு மேல் ஏற முடியாமல் போயிற்று. என் வீட்டுக்காரி ராசாத்திதான் என்னை மதுரைக்கு இழுத்துப்போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா, நம் பிள்ளை வயதுதான் இருக்கும், படத்தைக் காட்டி விளக்கினார். இருதயம் பம்ப்பு அடிக்கிற பலம் பாதிக்குக் குறைந்திருக்கிறது. சர்க்கரை, பிரஷர் தனி. முழங்கால் தேய்மானம் அதுவும் தனி. "எடை இறங்கணும். இல்லாட்டி மாத்திரை மட்டும் எத்தனை நாளைக்கு உங்களைத் தாங்கும்?" என்றார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடனே போன் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். எதற்கென்று நான் கேட்கவில்லை. கண்டிப்புக்காரி, வீட்டுப்பாடம் கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் தொழில் புத்தியைக் காட்டினேன். தராசில் ஏறுவேன். வேட்டி சட்டைக்கு ஒரு கிலோ கழிப்பேன். சாவிக்கொத்துக்கும் செல்போனுக்கும் அரைக் கிலோ. முந்தின நாள் சோறு இன்னும் செரிக்கவில்லை என்று அதற்கு ஒரு கிலோ. இப்படி வியாபாரியும் நானே, சம்சாரியும் நானே என்று எழுதிக்கொண்டுபோய் நீட்டினால், அந்தப் பெண் தன் மிஷினில் என்னை ஏற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்க கடைத் தராசுக்கு முத்திரை போட்டு எத்தனை வருஷமாச்சு?" என்று கேட்டாரே! முப்பது வருஷத் தொழிலில் என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை மச்சான். ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குத்தான் கழிவை நிறுத்தினேன்.

மனசு வந்து இளைத்தேன் என்று சொன்னால் பொய். எனக்கு மனசே வரவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும், "மனசு வச்சா முடியும் அண்ணாச்சி" என்பார்கள். மனசு என்பது நம் ஊர் மழை மாதிரி. வந்தால் வரும். அது வந்தபிறகு விதைக்கலாம் என்று இருந்தால் திருச்சுழிப் பக்கம் ஒருவனும் வெள்ளாமை பார்த்திருக்க முடியாது. மழைக்கு முந்தியே புழுதியில் விதைத்துவிட்டுத்தானே சம்சாரி வானத்தைப் பார்க்கிறான்? நானும் புழுதியில் விதைத்தேன். முதல் நாள் எங்கள் தெருவின் முதல் கரண்டுக் கம்பம் வரை நடந்து, அதையே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். தறி போட்ட வீட்டுக்காரர் வெளியே வந்து, "என்ன அண்ணாச்சி, ஷாக் அடிச்சிருச்சா?" என்றார். அடுத்த வாரம் இரண்டாவது கம்பம். முட்டி வலித்த நாளில் ஒரு கம்பத்தோடு திரும்புவேன். திரும்பினாலும் போனது போனதுதான் என்று வைத்துக்கொண்டேன்.

சோறு பாதியாயிற்று. குதிரைவாலியும் கம்பங்கூழும் வந்தன. எண்ணெய்ப் பரோட்டாக் கடைப் பக்கம் போகாமல் இருக்கச் சுற்றுவழியில் வீட்டுக்கு வந்தேன். அந்தச் சுற்றிலேயே கொஞ்சம் இளைத்திருப்பேன். களத்தில் மிளகாய்ப் பழம் காய்வதைத் தினமும் கிளறிப் பார்த்தால் காய்ந்த மாதிரியே தெரியாது. மூட்டை கட்டும்போதுதான் மூன்று பங்கு ஒரு பங்காகி நிற்கும். அப்படித்தான் இதுவும். நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்து, நூற்று ஒன்று.

போன கார்த்திகையில்தான் வந்தது வினை. ஒரு செவ்வாய்க்கிழமை நூற்று ஒன்று. புதன் நூற்று இரண்டரை. வியாழன் நூற்று நாலு. நான் ஒரு பருக்கை கூடுதலாகத் தின்னவில்லை. ராசாத்தி மேல்கூடச் சந்தேகப்பட்டேன், கூழில் நெய் கிய் ஊற்றுகிறாளா என்று.

"ஏங்க, டாக்டரம்மாவுக்குப் போனப் போடுங்க. ரெண்டு கிலோ கூடுனா போடச் சொன்னாகளா இல்லையா?" என்றாள்.

"போட்டு? வாங்கிக் கட்டிக்கவா? பட்டினி கெடந்தும் ஏறுதுன்னா இது ஏற வேண்டிய ஒடம்பு. போதும். இனி திங்கிறதத் தின்னுட்டுப் போய்ச் சேர்றேன்."

"போய்ச் சேந்துட்டு வாங்க, நான் இங்கதான இருக்கேன்" என்று கதவைச் சாத்தினாள்.

நேராகப் பரோட்டாக் கடைக்குப் போனேன். இரண்டு வருஷம் கழித்து. கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துவிட்டு, "மாப்பிள்ளை விருந்துக்கு வந்த மாதிரி வாங்க அண்ணாச்சி!" என்றார். இலையில் நாலு எண்ணெய்ப் பரோட்டா, மேலே சால்னா. நடந்துவந்த கொஞ்ச தூரத்துக்கே மூச்சு வாங்கியது. சால்னா நெடி என்று நினைத்தேன். செருப்பு இறுக்கிற்று. குனிந்து வாரைக் கழற்றினேன்.

வார் இருந்த இடத்தில் காலில் ஒரு பள்ளம். கோடு போட்ட மாதிரி.

உன் செருப்பு ஞாபகம் வந்தது மச்சான். வார் மாட்டாமல் இழுத்துக்கொண்டு வந்தாயே.

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அமுக்கினேன். எடுத்தேன். பள்ளம் அப்படியே நின்றது. ஈர வத்தலில் நிற்கிற மாதிரி நின்றது.

எனக்கு அந்த இடத்தில் இரண்டு விஷயம் ஒரே நொடியில் தெரிந்தது. இது சதை இல்லை, ஈரம். நான் இளைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். மேலே ஏறியிருப்பது தண்ணீர். உனக்கும் அன்றைக்கு அதேதான். மூட்டைக்கு மூட்டை ஈரம் பார்த்துக் காசு கழித்தவன், கண் முன்னால் நின்ற உன் காலைப் பார்க்கவில்லை. "ஈரத்துக்குக் கழிச்சுக்க" என்று நீ வேடிக்கைக்குச் சொன்னாய். அது நிஜமாக இருந்தது. நான் தொப்பை என்றேன்.

எழுந்து நடந்தேன். "அண்ணாச்சி, பரோட்டா!" என்று கடைக்காரர் பின்னாலேயே வந்தார். "நீயே தின்னு ராசா, எனக்கு மதுரைக்கு வேல இருக்கு" என்றேன்.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஊசி போட்டு நீரை எடுக்க எடுக்க நான் வற்றினேன். அந்த டாக்டரம்மா திட்டவில்லை மச்சான், அதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மூச்சு நின்னிருக்கும். நீங்க எடை பார்த்ததுதான் உங்களைக் காப்பாத்துச்சு" என்றார். பிறகு என்ன சாப்பிட்டேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கம்பங்கூழ் என்றேன். தொட்டுக்கொள்ள? மோர் மிளகாய் என்றேன். எத்தனை? ஏழெட்டு, சில நாள் பத்து. கொழுப்பு இல்லையே, வெறும் மிளகாய்தானே என்று.

"ஐயா, மிளகாயா அது? உப்பு மூட்டை! உப்பு போற இடமெல்லாம் தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். அதுவும் உங்க இருதயத்துக்கு."

மிளகாயில் சம்பாதித்தவன் மிளகாயிலேயே விழப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் இதை வைத்து ஒரு வருஷம் ஓட்டியிருப்பாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம் திருச்சுழி பஸ் ஏறினேன். நாலு வருஷமாகப் பெருநாளுக்கு ஆள் மூலம் பழம் அனுப்பியிருக்கிறேனே தவிர, உன் வாசல்படியை மிதிக்கவில்லை. உன் வீட்டம்மா மைமூன் அக்கா என்னைப் பார்த்ததும், "யாருப்பா இது, பாதி ஆளத்தான் அனுப்பிச்சிருக்காக?" என்றார்கள். உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். தராசு, நாலு கிலோ, நான் சிரித்தது, தொப்பை என்றது. காலைப் பார்த்திருந்தால் நீ இருந்திருப்பாய் என்றேன்.

அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். பிறகு, "அன்னைக்கி வந்து அவுகளே சொன்னாக தம்பி. 'மாப்ள என்னைய நாலு கிலோ கூட எழுதிட்டான்டி'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக. அந்தக் காலுக்கு நாந்தான் தைலம் போட்டு நீவி விட்டேன். பஸ்ஸுல தொங்கப்போட்டு வந்த வீக்கம்னு நெனச்சேன். தொட்டு நீவுன எனக்கே தெரியல. தள்ளி நின்னு பாத்த ஒனக்கு என்னத்தத் தெரியும்?" என்றார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே. அத வச்சு நீ பொழச்சுக்கிட்டேல்ல? அது போதும். அவுகளுக்கும் அதுதான் வேணும்" என்றார்கள்.

நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்த ஒரு மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அது எந்தத் தராசிலும் ஏறாத மூட்டை மச்சான்.

"பிரியாணி போடட்டுமா?" என்று கேட்டார்கள்.

"உப்பில்லாம போடுவீங்களா அக்கா?"

"உப்பில்லாத பிரியாணிக்கு நீ கஞ்சியே குடி" என்று கஞ்சிதான் கொடுத்தார்கள். அதிலும் உப்பில்லை. ருசியாகத்தான் இருந்தது. உன் வீட்டுக் கஞ்சி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மறுபடி இருதயப் படம் எடுத்தார்கள். பம்ப்பு அடிப்பது நன்றாகக் கூடியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். ஒரு மாத்திரையைப் பாதியாக்கியிருக்கிறார். முழுதாகச் சரியாகிவிடாதாம், இப்படியே ஓட்டலாமாம். ஓட்டுவேன். முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. பாலவனத்தம் ரோட்டில் இப்போது முப்பத்தோரு கம்பம் போகிறேன், கம்பத்தைக் கட்டிப்பிடிப்பதில்லை. மோர் மிளகாய் வாசம் வந்தால் நாக்கு ஊறுகிறது, அதை உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ராசாத்தி மோர் மிளகாய் ஜாடியைத் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். காலையில் அவள்தான் எனக்கு எடை சொல்கிறாள். உன்னைப் போலவே, தெருவுக்குக் கேட்கிறமாதிரி.

நீ போனபிறகு திங்கட்கிழமைகளில் யாரையும் அந்தத் தராசில் ஏறவிடாமல் இருந்தேன். இந்த மாதம் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். லோடு இறக்குகிறவர்கள், வத்தல் கொண்டுவருகிற சம்சாரிகள் எல்லோரும் ஏறுகிறார்கள். ஒருவரை ஒருவர் மூட்டை என்கிறார்கள், தேக்சா என்கிறார்கள். நேற்று நரிக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஏறினார். போன வாரத்துக்கு மூன்று கிலோ கூட. எல்லோரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கும் வாய் வரை வந்துவிட்டது.

கீழே உட்கார்ந்து, அவர் வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, கட்டைவிரலால் அமுக்கினேன். பள்ளம் நிற்கவில்லை, உடனே எழும்பிவிட்டது. நிமிர்ந்து, "ஐயா, இது முழுக்க உங்க மக வீட்டுக் கறிக்கொழம்புதான்" என்றேன். அதன் பிறகு நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரிப்பை நிறுத்திவிடுவேன் என்று உனக்குச் சத்தியம் செய்யமாட்டேன் மச்சான். சிரிக்காத கடையில் நீ ஒரு நிமிஷம் நிற்கமாட்டாய். ஆனால் நான் இருக்கிற வரைக்கும் அந்தத் தராசில் யார் ஏறினாலும், என்னையும் சேர்த்து, முதலில் காலைப் பார்ப்பேன். அப்புறம்தான் சிரிப்பேன்.

ஈரத்தைக் கழித்துக்கொண்ட,
உன் மாப்ள
செல்வராசு