ஸ்பூனைத் தேடாத, மாமா

மாமா,

புதுவாயலுக்குப் போற கம்பெனி பஸ் அஞ்சே முக்காலுக்கு வந்துடும், அதான் உன்னை எழுப்பல. ஹாட்பாக்ஸ்ல இட்லி இருக்குது, நல்லா மென்னு துன்னு. பதினோரு மணிக்கு பிசியோ மேடம் வருவாங்க, கதவைச் சும்மா சாத்தி வெச்சிருக்கேன்.

நேத்து சாயந்திரம் போட்ட சண்டைக்கு நான் சாரி சொல்ல மாட்டேன். டாக்டர் சொல்ற வரைக்கும் கருவாட்டுக் கொழம்பு கிடையாது.

தொண்டையில குழாய் இருந்த அஞ்சு மாசமும் தண்ணிக்கு ஒரு தரம், திரும்பிப் படுக்க ரெண்டு தரம்னு ஸ்பூனால டம்ளரைத் தட்டித்தான் என்னைக் கூப்ட்ட. குழாய எடுத்து பத்து நாளாகியும், குரல் வராதோன்னு பயந்துகினு தட்டிக்கினேதான் இருந்த. நேத்து கோவத்துல ஸ்பூனை மறந்துட்டுக் கத்துன பாரு! மூணாவது ஊட்டு முத்தம்மா அக்கா ஓடியாந்து, "இன்னாடி சத்தம்?"னு கேட்டாங்க. "எங்க ஊட்டுக்காரரு திட்றாருக்கா"ன்னேன். அக்கா தெரு முழுக்கச் சொல்லிட்டு, உன் தொண்டைக்குப் பனங்கற்கண்டு குடுத்தாங்க. டிவி மேல இருக்குது.

சுமலதா

ஸ்பூனைத் தேடாத. என் டிபன் பாக்ஸ்ல போட்டு எடுத்துக்கினு போறேன்.

மூணு மணிக்கு வந்துடுவேன். சண்டை இன்னும் முடியல, தொண்டைய ரெடியா வெச்சிரு.