வலது பக்க மயில்

நவம்பர் 10, திங்கள்

மழை ஓய்ந்துவிட்டது. காலையில் லேசான குளிர். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. வந்த வேகத்தில் லேப்டாப் போனது. பொட்டென்று ஒரு சத்தம், கருகல் வாடை.

எம்பிராய்டரி மிஷினில் சாந்தியக்கா மகளின் கல்யாணத் தமேயின், லுங்கி மாதிரி இடுப்பில் சுற்றிக் கட்டுகிற துணி. பார்டரில் எதிரெதிராக இரண்டு மயில். இடது மயில் முடிந்தது. வலது மயிலின் டிசைன் லேப்டாப்பில் மட்டும். பென் டிரைவில் இருந்ததை அழித்து, புருஷன் கோ மியோவுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுத்தவள் நானேதான். அவரைத் திட்டினேன். பாவம், அவர் பாட்டுதான் கேட்டார்.

கல்யாணம் ஞாயிறு.

நவம்பர் 11, செவ்வாய்

லான்மடாவ். அங்கே ரிப்பேர் கடை வைத்திருக்கும் கோ ஸோ பார்த்தார். போர்டு எரிந்துவிட்டதாம். அடியில் திருகாணியைக் கழற்றி, டிசைனெல்லாம் பதிந்திருக்கிற எஸ்.எஸ்.டி.யை வெளியே எடுத்தார். சூயிங்கம் அளவுதான். இது நன்றாக இருக்கும், ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டு யூ.எஸ்.பி. வயரால் எந்த லேப்டாப்பிலும் மாட்டலாம் என்றார். இங்கேயே திறந்து பார்க்கலாமா என்றும் கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஆறு வருட டிசைன். கடைக்காரன் கண்ணில் பட்டால் மறுநாள் ஊர் முழுக்க என் பூ.

பெட்டி பிளாட்பாரத்தில் வாங்கினேன், மலிவு.

நவம்பர் 12, புதன்

மலிவுப் பெட்டியில் நுழையவில்லை. மறுபடி லான்மடாவ். எஸ்.எஸ்.டி. முனையில் இருக்கும் வெட்டு வேறு வகையாம். கோ ஸோ சிரித்தார், திட்டவில்லை. சரியான பெட்டி கொடுத்து, தானே உள்ளே வைத்துத் திருகினார், கூலி வாங்கவில்லை. திறந்து பார்க்கலாமா என்று மறுபடி கேட்டார். மறுபடி வேண்டாம் என்றேன். நல்ல மனுஷன். நான்தான் இப்படி.

வீட்டில் போனில் மாட்டிப் பார்த்தோம். படிக்க முடியவில்லை, அழித்துப் புதிதாக்கவா என்று கேட்டது. கோ மியோவின் கட்டைவிரல் கிட்டே போனது. கையில் ஒரு போடு போட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

தெருவில் யாரிடமும் லேப்டாப் இல்லை, எல்லாம் போன்தான். வாங்க வேண்டியது: நூல் (பச்சை 2, தங்கம் 1), மெழுகுவர்த்தி, மீன்.

சாந்தியக்கா போனில் அழாத குறை. முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடு என்றாள். பெட்டி விஷயத்தைச் சொல்லி, முடியும் என்றேன். எந்த நம்பிக்கையில்?

சாயங்காலம் தாகேதாவிலிருந்து மல்லிகாக்கா போன். எம்பிராய்டரியில் எனக்குப் போட்டி, பேசி ஒரு வருஷம். "பெட்டிய எடுத்துக்கிட்டு வா செல்வி. எங்கிட்ட லேப்டாப் இருக்கு."

வருகிறேன் என்ற பிறகுதான் உறைத்தது. அந்த மயில் இருக்கிற ஃபோல்டரின் பெயர் ‘மல்லிகா’.

அதில் இருப்பதெல்லாம் அவள் தைத்த தமேயின்களை ஒரு கல்யாணத்தில் போனில் படம் பிடித்து, வீட்டில் வரைந்து எடுத்தவை. ஏழு டிசைன். இங்கே மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 14, வெள்ளி

தாகேதா. ஒரு மணிக்குக் கரண்ட். பெட்டியை மாட்டினேன், நீல விளக்கு எரிந்தது. எல்லாம் பத்திரம். சாமி.

ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தன் பெயரைப் பார்த்துவிட்டாள். பார்த்ததை நான் பார்த்தேன்.

"உன்னுத எடுத்துக்க. நான் அடுப்பப் பாக்குறேன்," என்று எழுந்து போனாள்.

மயிலை என் பென் டிரைவுக்கு ஏற்ற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கா லாபெயே டீ கொண்டுவந்து வைத்தாள். அக்கா, அந்த மயில் உங்களுடையது என்றேன்.

"தெரியும். போன வருசமே நீ தைச்சதுல பாத்தேன்." கொஞ்ச நேரம் டீயை ஆற்றினாள். "எனக்கு மயில் கழுத்துல துணி சுருங்குது. உன்னுது எப்படி இருக்கு?"

சுருங்கவில்லை என்றேன். தையலைக் குறைத்திருந்தேன்.

"அப்ப எனக்கும் ஒண்ணு ஏத்திக் குடு."

ஏற்றிக் கொடுத்தேன். பஸ்ஸில் அழுதேன்.

நவம்பர் 15, சனி

வலது மயில் முடிந்தது. நடுவில் கரண்ட் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், கோபமே வரவில்லை. கோ மியோ சோறு வடித்தார், குழைந்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கல்யாணம். பெண் நடந்து வரும்போது இரண்டு மயிலும் ஒன்றையொன்று பார்த்தன.

சாப்பாட்டுப் பந்தியில் சாந்தியக்கா சொன்னாள்: வியாழக்கிழமை பயந்துபோய், மீதியை முடித்துக் கொடு என்று மல்லிகாக்காவைத்தான் கேட்டாளாம். "அது செல்வி கை வேல, அவளே முடிப்பா" என்று அக்கா மறுத்துவிட்டாளாம்.

பாயசத்தை அப்படியே தள்ளி வைத்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

நேற்று தாகேதா போனேன். பெட்டியை மல்லிகாக்கா மேஜையில் வைத்தேன். இதுல எத எடுத்துக்கட்டும் என்று கேட்டாள். எல்லாத்தையும் பாருங்கக்கா, அவசரமில்லை என்றேன்.

இன்று வெயில். நூல் கடைக்குப் போகவேண்டும். பெட்டி அங்கேயே இருக்கிறது. எதை எடுத்தாள் என்று போன் பண்ணிக் கேட்கவில்லை.