அண்ணன் ஊற்றாத டீசல்

இன்று காலை வாய்க்கால் சேற்றில் கால் வைத்ததும் துருப்பிடித்த இரும்பின் வாடை அடித்தது. உடனே உன் நினைவுதான். நீ போய் நான்கு மாதமாகிறது.

கொல்லங்கோட்டில் அப்பாவின் நிலத்தைப் பிரித்தபோது கிணறு என் பங்குக்கு வந்தது. அதிலிருந்து ஒரு வருடம் அண்ணன் என்னோடு பேசவில்லை. அடுத்த கோடையில் கிணற்று நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மின்னியது. உள்சுவரெல்லாம் செம்மஞ்சள் நிறத்தில் வழவழவென்றிருந்தது. அண்ணன்தான் டீசல் ஊற்றிவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். போலீஸுக்குப் புகாரும் எழுதி வைத்தேன். அதோடு ஓர் அறிக்கை இருந்தால் நல்லது என்று, பாலக்காட்டில் தண்ணீர் பரிசோதிக்கும் லேபில் வேலை செய்த உன்னைக் கூப்பிட்டேன். கல்லூரித் தோழி, மறுக்க மாட்டாய் என்ற தைரியம்.

"புகார மடிச்சு வை புள்ள. நான் வந்து பாக்கறேன்" என்றாய்.

வந்தாய். ஒரு வாளி மொண்டு வைத்து, படலத்தைக் குச்சியால் கலைத்தாய். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றது.

"டீசலா இருந்தா மறுக்கா ஒண்ணாச் சேந்துக்கும். இது பாக்டீரியா."

நான் நம்பவில்லை. மறுநாள் லேபுக்கு வரச்சொல்லி மைக்ரோஸ்கோப்பில் காட்டினாய். அவரை விதை போன்ற உடல், முறுக்கிய கயிறு போன்ற காம்பு. உருண்டை, கோல், சுருள் என வடிவத்தை வைத்துப் பிரிப்பார்கள், அது மட்டும் போதாது, எதை வைத்துப் பிழைக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்றாய். செத்ததை மக்கவைத்துத் தின்பவை உண்டு. உயிருள்ள உடம்பில் ஒட்டி உறிஞ்சுபவை உண்டு. வெயிலைக் கொண்டு தானே உணவு செய்துகொள்பவையும் உண்டு.

"இது வேற ரகம். தண்ணியில கரைஞ்ச இரும்பத் துருவாக்கி, அதுல கெடைக்கற சக்தியில பொழைக்குது. யாரு மேலயும் அதுக்குக் கோவமில்ல."

நான் அழுதுவிட்டேன். கிணறு கெட்டதற்கா அழுதேன்? அண்ணன் செய்யவில்லை. அது போதுமாக இருந்தது.

"நேரா உங்கண்ணன் ஊட்டுக்குப் போ" என்றாய்.

போனேன். வாசலில் நின்றுகொண்டு, "அண்ணா, கெணத்துல பாக்டீரியா வந்திருச்சுங்க. எறங்கிச் சுத்தம் பண்ண ஆளு வேணும்" என்றேன். அவர் உள்ளே போய்க் கயிற்றை எடுத்து வந்தார்.

அவரைச் சந்தேகப்பட்டது உனக்கு மட்டுமே தெரியும். உன் இறுதிச் சடங்கு முடிந்து திரும்பும்போது ஜீப்பில் அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

"அப்பவே தெரியும். நீயே வாசலுக்கு வந்துட்ட. அப்பறம் என்னத்தக் கேக்கறது?" என்றார்.

இதை உன்னிடம் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். இனி எனக்குப் பாரமில்லை. அன்று லேப் வாசலில், போ என்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினாயே, அந்தக் கை மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது.