கோணல் காடியும் ஜெயராமன் கொண்டுவந்த யந்திரமும்

ஆனி 4, சனி

புழுக்கம். இலை அசையவில்லை.

நடந்த அநியாயம் இது. நேற்று கிருத்திகை. நான் மலைமேல் கோயிலில் இருந்த நேரம், என் தங்கை புருஷன் ஜெயராமன் என் கொட்டகையைத் திறந்து, ஆடிக் காவடிக்காக நான் பள்ளம் வெட்டிக் காய வைத்திருந்த பூவரசுப் பலகைகள் அத்தனையையும் பாழாக்கிவிட்டான். கேட்கவில்லை. சொல்லவில்லை. சாவி கொடுத்தது என் வீட்டுக்காரி. அதை அவளிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு பேரோடும் பேச்சு இல்லை.

பலகையில் பள்ளம் இறக்கிக் காடி எடுக்க ஒரு ரௌட்டர் வாங்குவது என்று தை மாதமே முடிவு. இதுவரை உளி, கொட்டாப்புளி மட்டும். மணிக்கட்டு வீங்குகிறது. ஆடிக் கிருத்திகைக்கு வாடகைக் காவடி கேட்டு நகரி, புத்தூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். முதல் ரௌட்டர். எது என்று யோசித்து, கையில் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டிய சாமான்.

ஜெயராமன் அரக்கோணத்தில் ரயில்வே குமாஸ்தா. குடியிருப்பது எங்கள் ஊரில்தான். அடிக்கடி மதராஸ் போகிறவன். அவனிடம் கேட்டது கடையின் விலைப்பட்டியல். கொண்டு வந்தது கரண்டில் ஓடும் யந்திரம். பத்து நாள் வைத்துப் பார்க்கலாமாம், பிடிக்காவிட்டால் கடைக்காரன் திருப்பி எடுத்துக்கொள்வானாம். கொட்டகைக்குக் கரண்ட் கிடையாது. கூடத்து பல்பைக் கழற்றி, அந்த ஹோல்டரில் மாட்டி, ஜன்னல் வழியாக ஒயர் இழுத்திருக்கிறான்.

மலையிலிருந்து இறங்கி வருகிறேன். மரத்தூளில் குளித்த மாதிரி நிற்கிறான். வேலி ஓரம் அண்டை வீட்டார் வேடிக்கை.

"வாங்க பாவா. உங்க காடி அல்லாம் கோணலா போய்கினு இருந்துச்சு. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். அல்லாத்தையும் நேர் பண்ணிட்டேன். பாருங்க, ரூல் போட்ட மாதிரி."

வேலி ஓரத்தில் ஒருவன்: "வயசாவுதில்ல, கண்ணு எங்க தெரியும்."

விபூதியைக்கூட யாருக்கும் கொடுக்கவில்லை.

ஆனி 5, ஞாயிறு

காலையில் சிறு தூறல். உடனே வெயில்.

கோணல் அல்ல அது. எங்கள் காவடியில் ஆணி கிடையாது. தண்டின் இரு முனையிலும் பலகை. பலகையின் காடியில், மேலே கவியும் வளைவின் கால் நுழைந்து உட்கார வேண்டும். முன்பக்கம் அகலம், பின்பக்கம் ஒரு நூல் குறுகல். மலை ஏறும்போது சுமை பின்னால் சாயும். சாயச் சாய வளைவு இறுகும். இதை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. விழுந்த காவடிகளைப் பார்த்துப் பார்த்து நானே கண்டுகொண்டது. எவனுக்கும் சொன்னதில்லை. இன்றும் வாயால் சொல்லவில்லை.

அவன் 'நேர் பண்ணிய' பலகையில் ஒரு காவடி பூட்டினேன். இரண்டு சொம்பிலும் தண்ணீர் நிரப்பிக் கட்டினேன். "தூக்கு மாப்பிள்ளை. படி ஏறு" என்றேன். வெள்ளிக்குப் பிறகு அவனிடம் பேசிய ஒரே பேச்சு.

"இன்னா பாவா, ஆடி வர்றதுக்குள்ளியா?"

ஏறினான். அடிவாரப் படி கொஞ்சம்தான். வளைவு பின்னால் வழுக்கி வெளியே வந்தது. தண்ணீர் அவன் முதுகில். பூக்காரி ஒருத்தி, "சாமி குளிச்சிட்டாரு, இனிமே தரிசனம் தான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

நனைந்த சட்டையோடு சொல்கிறான்: "ரெண்டு ஆணி அடிச்சா நிக்கும் பாவா."

ஆணியாம். பலகை பிளந்து, தோலைக் கிழித்து, ரத்தத்தோடு மலை ஏறட்டும் ஜனங்கள்.

ஆனி 7, செவ்வாய்

வெயில் கொடுமை. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது.

ரௌட்டர் பற்றி, கோபத்தைத் தள்ளி வைத்து எழுதிப் பார்த்தது.

கரண்ட் யந்திரம்: வேகம். கனம். சத்தம் பஸ் எஞ்சின் மாதிரி. கொஞ்சம் கவனம் தப்பினால் இறங்க வேண்டிய ஆழத்துக்கு மேல் இறங்கிவிடும். அது ஓடும்வரை கூடத்தில் விளக்கு இல்லை.

கைரௌட்டர்: அரக்கோணம் பள்ளிக்கூடத்துத் தச்சு வாத்தியாரிடம் பார்த்தது. உள்ளங்கை அகல இரும்புத் தட்டு, இரண்டு பக்கமும் மரக் குமிழ், நடுவில் கால் மடக்கிய உளி. ஒரு திருகு திருகினால் ஒரு மயிரளவு இறங்கும். மெதுவாகத்தான் வேலை. ஆனால் பள்ளத்தின் அடி முழுக்க ஒரே ஆழம். தட்டு அகலமாக இருக்க வேண்டும். குறுகலாக இருந்தால் காடி ஓரத்தில் ஆடும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது தங்கை கன்னியம்மா வந்தாள். போன வருஷம் ஜெயராமன் விஷஜுரத்தில் படுத்தபோது காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டவள். இந்த ஆடிக்கு எடுக்க வேண்டும். ஒருவேளைச் சாப்பாடு. இளைத்துவிட்டாள்.

"காடி ஏன் குறுகலு?" என்றாள். வேறு வழி இல்லை, சொன்னேன்.

கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு: "இத்த அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா பலக போயிருக்குமாண்ணா? நீ மனசுலயே பூட்டி வெச்சிக்குவே. அவரு ஊரு சிரிக்க நனையணும். அவரு உசுருக்குத்தான் நான் காவடி எடுக்கிறேன். அது தெரியுமில்ல உனக்கு?"

"என் கொட்டகை. நான் எதுக்கு சொல்லணும்?"

"ஆங். உன் கொட்டகதான். நீயே வெச்சிக்க. நான் பலராம் கடையில வாடகைக்கு எடுத்துக்கிறேன்."

பலராம். அடிவாரத்தில் ஆணி அடித்துக் காவடி விடுகிறவன். என் தங்கை, என் வீட்டைத் தாண்டி, பலராம் காவடியில். மோர் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டாள்.

ஆனி 8, புதன்

மேகம் வந்தது, போய்விட்டது. முதுகுவலி.

யாரும் இல்லாதபோது யந்திரத்தை ஓட்டிப் பார்த்தேன். பாழான பலகையின் பின்புறம், ஒரு சட்டத்தைச் சாய்வாக அடித்து, அதை ஒட்டி நகர்த்தினேன். குறுகல் வந்தது. ஓரம் கத்தியால் வெண்ணெய் எடுத்த மாதிரி. உண்மையை எழுத வேண்டும்: வெட்டு சுத்தம்.

சாயங்காலம் மறுபடி. ஊரில் விளக்கு போட்டதும் கரண்ட் தேய்கிறது. யந்திரம் முனகியது, வெட்டும் பிட் மரத்தைக் கடித்து நின்றது, காடி கருகியது, கைப்பிடி திமிறிக் கட்டைவிரல் பிசகியது. வீட்டுக்காரி ஓடி வந்து, "யாரு மேல கோவம், யாரு கைய ஒடிச்சிக்கிறீங்க" என்றாள். எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

முடிவு: கைரௌட்டர்.

ஆனி 9, வியாழன்

விரல் வீக்கம். எழுத்து கோணல்.

கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். நானாகப் போனேன், யாரும் அழைக்கவில்லை. ஜெயராமன் எழுந்து நின்றான். நான் அவனைப் பார்க்கவில்லை. "பலராமுக்கு அச்சாரம் குடுத்துட்டியா?" என்று அவளைக் கேட்டேன்.

"இன்னும் குடுக்கல."

"குடுக்காதே."

அவள் அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. "ரெண்டு பேரும் ஒரே பலகைய பிடிச்சி செய்யணும். இல்லேன்னா எனக்கு அந்தக் காவடி வேணாம். சாமிகிட்ட சண்டைய தூக்கிக்கினு போவ மாட்டேன்."

ஜெயராமன்: "நான் ரெடிங்க பாவா."

இவன் ரெடியாம். பலகையைக் கெடுத்தவன் ரெடி. எழுந்து வந்துவிட்டேன். பாதி வழியில் குடையை மறந்தது ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை.

ஆனி 10, வெள்ளி

இரவு நல்ல மழை பெய்திருக்கிறது. மண் குளிர்ச்சி.

செய்ய வேண்டியவை.

யந்திரத்தை மதராஸ் கடைக்குத் திருப்ப: ஜெயராமன். நாளை முதல் வண்டி. அவனே தூக்க வேண்டும்.

கைரௌட்டரைத் தேர்ந்தெடுக்க: நான். கூடவே போவேன், வேறு பெட்டியில். தட்டின் அகலம், திருகின் பிடிப்பு, உளியின் இரும்பு மூன்றையும் பார்க்காமல் கடையை விட்டு இறங்குவதில்லை.

கூடத்து பல்பைத் திரும்ப மாட்ட: ஜெயராமன்.

புதுப் பூவரசுப் பலகை: ஜெயராமன், கே.ஜி.கண்டிகை மரவாடியில். காய்ந்ததா என்று தட்டிப் பார்க்க: நான்.

கெட்ட பலகைகளை மணையாக அறுக்க: நான், விரல் ஆறியதும்.

வீட்டுக்காரிக்குச் சாவியைத் திருப்பிக் கொடுக்க: நான். இப்போது இல்லை.

பலராமிடம் வேண்டாம் என்று சொல்ல: கன்னியம்மா.

காடி ஏன் குறுகல் என்று ஜெயராமனுக்குச் சொல்ல: கன்னியம்மா. அவளுக்குத்தான் தெரியுமே.

அவள் காவடியின் காடி எடுக்க: நான்.

அப்போது பலகையின் மறுமுனையைப் பிடிக்க: ஜெயராமன்.

அந்த நேரம் பேச: ஒருவரும் இல்லை.