வகுபடாத கார்டன் ரீச்

ஜனவரி 19, திங்கள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: கொல்கத்தா கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பின் பின்கோடு 700043, இன்று மாலை வடைக்குப் பிறகு பகா எண்ணாகப் பிரகடனம் செய்யப்படுகிறது. ஒன்றுக்கும் தனக்கும் தவிர யாருக்கும் மசியாது. என்னைப் போலவே.

பள்ளி சரஸ்வதி பூஜைக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு பெரிய எண்ணை ஆராய்ந்து சார்ட் போட வேண்டும். நல்ல சார்ட்டுக்காரர் ஞாயிறன்று சால்ட் லேக் கணிதப் போட்டிக்குப் போகலாம். ஒரே இடம். எதிரி: ஜாதவ்பூர் சுப்ரியா.

ஜனவரி 20

அவள் தன் பின்கோடு 700032-ஐ எடுத்திருக்கிறாள். அதைவிடச் சிறிய வகுத்திகளைக் கூட்டினால் அதையே தாண்டுகிறது. அதனால் மிகை எண்ணாம்.

"உன்னோடது பகா எண்ணுன்னா குறை எண்தாண்டா செந்தில். கூட்டினா வெறும் ஒண்ணு."

"குறையோ நிறையோ, உடைக்க முடியாதுல்ல?"

"எல்லாத்தாலயும் வகுத்துப் பாத்தியா?"

"அதோட வர்க்கமூலம் 836, அது வரைக்கும் இருக்கிற நூத்து நாப்பத்தஞ்சு பகா எண்ணாலயும்! கை வீங்கிடுச்சு, பாரு."

கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். பதிலுக்கு ஒரு கிண்டல்கூட இல்லை. என்ன ஆச்சு இவளுக்கு?

ஜனவரி 21

சுப்ரியா போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டாள். ஏன்? கல்பனா மிஸ்ஸுக்கும் புரியவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் — ஜெயித்த மாதிரியே இல்லையே?

ஜனவரி 23

பூஜை. இன்று எழுதக்கூடாது. இந்த வரி கணக்கில் சேராது.

ஜனவரி 24

நேற்று புத்தகம், பேனா, சார்ட் எல்லாம் தேவியின் காலடியில். புஷ்பாஞ்சலிக்குக் கையில் பூவோடு கண்ணை மூடினேன். புரோகிதர் மந்திரம் சொல்லச் சொல்ல என் மண்டை தானாகப் பதினேழால் வகுக்கிறது. நாலு, மீதி ரெண்டு. ஒண்ணு, மீதி மூணு... கடைசியில் மீதி பூஜ்யம்! தப்பாகத்தான் இருக்கும். மறுபடி. மறுபடியும் பூஜ்யம். 17 × 41179.

கண்ணைத் திறந்தால், நான் கொட்டை எழுத்தில் எழுதிய 'பகா எண்'ணை ஹெட் சார் படித்துக்கொண்டிருக்கிறார். ஓடிப்போய் அந்தச் சொல்லை அடித்துவிடலாமென்றால் மறுநாள் காலை வரை யாரும் பேனாவைத் தொடக்கூடாது.

இன்று காலை சார்ட்டை எடுக்கப் போனேன். சுப்ரியா நின்றிருந்தாள்.

"சுப்ரியா, பதினேழு..."

"எனக்கும் அன்னைக்கே பதினேழுல மீதி பூஜ்யம்தான் வந்துச்சு. நீ அத்தனையும் போட்டேன்னு சொன்னியா... எனக்குத்தான் வகுக்கவே வரலன்னு நெனச்சேன். திரும்பப் போட்டுப் பாக்கவே பயமாயிடுச்சு. அதான் பேரை எடுத்தேன்."

நான் விளையாட்டுக்குச் சொன்னது. அவ ஏன் நம்பினா? நான் சொல்ற எதையும் நம்பாதவளாச்சே!

ஜனவரி 25, ஞாயிறு

சால்ட் லேக். உள்ளே சுப்ரியா. வெளியே அவள் டிபன் பாக்ஸோடு நான். நேற்றே மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். பெயரை மாற்றிக் கொடுத்தார்.

இங்கேயும் எழுதிவிடுகிறேன். நூற்று நாற்பத்தைந்தெல்லாம் இல்லை. பதிமூன்று வரைதான் வகுத்தேன். அப்போது அம்மா சூடாக வடை கொண்டுவந்தாள்.

பதிமூன்றுக்கு அடுத்த பகா எண் பதினேழு.