அப்பா வளர்த்த தாடி

ஆரணி,
18.8.2021

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு அப்பா சின்னதுரை ஆசிகளோடு எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்கப் போன் இருக்கிறதே என்பாய். அந்தப் போனில் நீ "அப்புறம் பேசறேம்பா" என்று வைத்துவிடுகிறாய். வீடியோவில் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. அதனால் தபால் ஆபீசில் உறை வாங்கி வந்து உட்கார்ந்துவிட்டேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

ஊரடங்கு தளர்ந்து பஸ் திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டது. எனக்கு அதே ஆரணி–வந்தவாசி வண்டிதான். முகக்கவசத்துக்குள் தாடி அடங்க மாட்டேன் என்கிறது, இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. டிப்போ மேலாளர் கூப்பிட்டு, "இன்னா சின்னதுரை, பஸ்ஸு ஓட்றியா, சாமியாரா போறியா?" என்றார். "எம்பொண்ணு பைலட் யூனிபார்ம்ல வாசல்ல வந்து நிக்கணும் சார். அன்னிக்கிதான் படவேட்டுல ரேணுகாம்பா அம்மனுக்கு தாடிய எறக்குவேன். அதுவரைக்கும் கத்தி படாது" என்றேன். நீ லைசென்ஸ் வாங்கிய அன்று டிப்போ வாசலில் லட்டு கொடுத்து, அத்தனை பேர் முன்னால் வேண்டிக்கொண்டது அவருக்கும் தெரியும்தானே. அதுவும் இரண்டு வருஷம் ஆகப் போகிறது.

அம்மா பட்டு நூல் சுற்றப் போகிற வீட்டு மாணிக்கவேல் இருக்கிறாரே, என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உன் தாடிய தறியில ஏத்துனா ஒரு பொடவ நெய்யலாம்யா" என்கிறார். நெய்யட்டும். அந்தப் புடவையை உன் அம்மா கட்டிக்கொண்டு உன் விமானத்தில் ஏறுவாள் என்றேன்.

கம்பெனிக்காரர்கள் எப்போது கூப்பிடுகிறார்கள்? விவரமாக எழுது.

அன்புடன் அப்பா,
சின்னதுரை


ஐதராபாத்,
27.8.2021

அன்புள்ள அப்பாவுக்கு, தேவி எழுதுகிறேன்.

உங்கள் கையெழுத்தில் கடிதம் பார்த்ததும் ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். பிறகு படித்துச் சிரித்தேன். அறையில் இருக்கும் லாவண்யாவுக்கும் படித்துக் காட்டினேன், அவளும் பைலட் வேலைக்குக் காத்திருக்கிறவள்தான். "உங்கப்பா தாடிக்குத் தனியா டிக்கெட் போடணும்டி" என்றாள்.

இங்கே நிலைமை இன்னும் சரியாகவில்லை அப்பா. கொரோனாவில் விமானங்கள் குறைந்ததால் பழைய பைலட்டுகளையே சம்பளம் இல்லாத லீவில் அனுப்பினார்கள். புது ஆள் எடுப்பது இனிமேல்தான். ஒரு கம்பெனியில் விவரம் கேட்டிருக்கிறார்கள், கூப்பிடலாம். அதுவரை விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அது நன்றாகத்தான் போகிறது. பயணிகள் இல்லாவிட்டாலும் சரக்குக்கு ஓய்வே இல்லை.

பைலட்டுக்கான உடல் பரிசோதனையை நவம்பர் பத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். விட்டால் லைசென்ஸ் கையில் இருந்தாலும் ஓட்ட முடியாது. அதை ஞாபகம் வைத்திருக்கிறேன்.

வீடியோவில் நான் வராததற்குக் கோபிக்காதீர்கள். டூட்டி நேரம் அப்படி. அம்மாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள்,
தேவி


ஆரணி,
14.9.2021

அன்பு மகளுக்கு,

"கூப்பிடலாம்" என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இந்த இரண்டு வாரத்தை ஓட்டிவிட்டேன். டிப்போவிலும் சொன்னேன். கண்டக்டர் அஜித்குமார் இன்டர்வியூ என்றைக்கு என்று கேட்டான். ஜல்தியில் வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு சந்தோஷமான சமாச்சாரம். பெரிய விமானம் ஓட்டத் தனியாக ஒரு படிப்பு இருக்கிறது, அது முடித்தவர்களைத்தான் முதலில் எடுப்பார்கள் என்று முன்பு சொன்னாய். நான் வருகிற மே மாதம் ரிட்டையர் ஆகிறேன். வருகிற பணம் முழுவதையும் அதற்கே வைத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்றுதானே அர்த்தம்?

தாடி நெஞ்சைத் தொடுகிறது. ஸ்டியரிங்கில் ஒரு முறை மாட்டிக்கொண்டது. அரிப்பு தாங்கவில்லை, ஆனாலும் உன்னை நினைத்துக்கொண்டால் பொறுத்துக்கொள்ள முடிகிறது.

அப்பா


ஐதராபாத்,
3.10.2021

அன்புள்ள அப்பா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை எழுந்து போகாதீர்கள்.

எந்தக் கம்பெனியும் விவரம் கேட்கவில்லை. அது நான் சொன்ன பொய். இரண்டு வருஷத்தில் என்னை யாரும் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. லாவண்யா போன வாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். ரயில் ஏறும்போது அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

உங்கள் ரிட்டையர்மென்ட் பணத்தைத் தொடாதீர்கள். அந்தப் படிப்பை முடித்துவிட்டும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களை எனக்கு நேரில் தெரியும்.

வீடியோவை நான் ஏன் எடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டூட்டி எல்லாம் இல்லை. உங்கள் தாடியை என்னால் பார்க்க முடியவில்லை அப்பா. ஒவ்வொரு முறையும் அது ஒரு விரல் நீளம் கூடியிருக்கும். "இன்னும் ஆகலையா, இன்னும் ஆகலையா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, அது எனக்குத் தெரியும். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். தாடியோடு எப்படிச் சண்டை போடுவது?

வேண்டிக்கொள்வதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நவம்பர் பத்து வரப் போகிறது. பரிசோதனைக்குப் போவதா வேண்டாமா என்று யோசிக்க உட்கார்ந்தால், எனக்கு என்ன வேண்டும் என்றே தெரியவில்லை. டிப்போவில் நீங்கள் தலைகுனிந்து நிற்பதுதான் கண்ணில் தெரிகிறது. நான் பைலட் ஆகவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? கடைசிவரை அப்படியே இருப்பீர்களா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

தேவி


ஆரணி,
28.10.2021

அன்பு மகள் தேவிக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துவிடு. முதலில் கோபம்தான் வந்தது. பெற்றவன் சாமியை வேண்டுவது தப்பா என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அவள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்து.

அவள் கேட்டாள்: "சாமிகிட்ட கேட்டது நீ. தூக்கிகினு அலையறது அவளா?"

"ஊரெல்லாம் சொல்லிட்டேனே கன்னியம்மா, இப்ப எப்பிடி..." என்றேன்.

"ஊரு வந்து உனக்கு சொறிஞ்சி வுடுதா? பணத்தப் பத்தி நீ சொன்னப்பவும் நான் வாயத் தொறக்கல. நீயே சரின்னு எழுதிட்ட" என்று சொல்லிவிட்டு நூல் சுற்றப் போய்விட்டாள். அவள் பேசாமல் இருந்ததற்கு அர்த்தம் எனக்கு இத்தனை வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

கோயிலை இப்போது எல்லா நாளும் திறக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் படவேட்டுக்குப் போனோம். அந்தப் பக்கம் பஸ் கம்மி, கிடைத்த வண்டியில் நின்றுகொண்டே போனோம். டிரைவர் வேகமாகத் திருப்பும்போதெல்லாம் என் கால் தானாக பிரேக்கைத் தேடியது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

முடி இறக்குகிறவர் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "பெரிய தாடியா கீது. இன்னா வேண்டுதலுங்க, நெறவேறிச்சா?" என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்பதுதான். தாடியை ஒரு முறை நீவிவிட்டுக்கொண்டேன். கடைசியில், "ஒண்ணும் நெறவேறலைப்பா. என் பொண்ணால தூக்க முடியல. அதான் எறக்கறேன்" என்றேன். அவர் தெளிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம் தாடியோடு தலையையும் ரொம்ப மெதுவாக வழித்துவிட்டார்.

அம்மனிடம் சொல்லிவிட்டேன். நான் கேட்டதை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அவளுக்கு எது நல்லதோ அதை அவளிடமே கேட்டுக்கொள் என்று. சாமி குற்றம் ஆகுமோ என்று மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது. அம்மா, "அம்மனும் பொம்பளதான், புரிஞ்சிக்குவா" என்றாள்.

நீ கேட்டதற்கு இதுதான் பதில். உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு. அதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, எழுதிவிட்டேன். பரிசோதனைக்குப் போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன். ரிட்டையர்மென்ட் பணம் வந்ததும் பேங்கில் கிடக்கும், வேண்டும் என்றால் கேள். போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன். முகம் சின்னதாகிவிட்டது, பார்த்துச் சிரிக்காதே.

அப்பா


ஐதராபாத்,
12.11.2021

என் அன்பு அப்பாவுக்கு,

சிரித்தேன். மன்னித்துவிடுங்கள். மொட்டைத் தலையும் வெள்ளைக் கன்னமுமாகப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்த பையன் மாதிரி இருக்கிறீர்கள். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அன்று எத்தனையோ நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

பத்தாம் தேதி டாக்டர் ஆபீசுக்குப் போனேன். காலையில் சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். பக்கத்தில் இரண்டு பையன்கள், எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு அடுத்த வருஷம் படித்தவர்கள். ஒருவன் "இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்கா" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அவனுக்கு அது சரியாக இருக்கும். எனக்குத்தான் அந்த "இன்னும் ஒரு வருஷம்" காதில் விழுந்ததும் எழுந்து போய்விடலாம் போல இருந்தது. இப்போது யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை, தாடி இல்லை, டிப்போ இல்லை. நான் மட்டும்தான் இருக்கிறேன். அப்படியும் உள்ளே போகப் பிடிக்கவில்லை.

பறப்பது எனக்குப் பிடிக்கும் அப்பா. முதல் முறை தனியாக மேலே போய் இறங்கிய அன்று கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் நான் பறந்தது மொத்தம் இருநூறு மணி நேரம், காத்திருந்தது இரண்டு வருஷத்துக்கு மேல். எனக்குக் காத்திருக்கப் போதும் போதும் என்றாகிவிட்டது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து, வேண்டாம் சார் என்று டோக்கனைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன். பசிதான் வந்தது. எதிர்க் கடையில் மூன்று தோசை சாப்பிட்டேன்.

சரக்குப் பிரிவில் என்னை நிரந்தரமாக்கட்டுமா என்று செப்டம்பரிலேயே கேட்டார்கள். உங்களிடம் சொல்லப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். நேற்று சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். விமானத்தின் வயிற்றில் எந்தச் சரக்கு எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற வேலை. முன்பக்கம் கனத்தாலும் ஆபத்து, பின்பக்கம் கனத்தாலும் ஆபத்து. என் கணக்குத் தாள் பைலட் கைக்குப் போய்ச் சேராமல் அந்த விமானம் அசையாது. எனக்கு இது நன்றாக வருகிறது என்று அங்கே எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

வருத்தமே இல்லை என்றால் அது இன்னொரு பொய். லைசென்ஸை அட்டை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பின்னால் எப்போதாவது வேண்டும் என்றால் மறுபடி பரிசோதனைக்குப் போகலாம், அதற்கு வழி இருக்கிறது. இப்போதைக்கு வேண்டாம்.

டிப்போவில் எப்படிச் சொல்வீர்கள் என்பதுதான் என் கவலை. நானே வந்து சொல்லட்டுமா?

உங்கள் மகள்,
தேவிப்ரியா


ஆரணி,
24.11.2021

அன்பு மகள் தேவிப்ரியாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கே விடாத மழை. ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. நாங்கள் பத்திரமாக இருக்கிறோம், வந்தவாசி வண்டியை மட்டும் இரண்டு நாள் நிறுத்தியிருந்தார்கள்.

நீ வர வேண்டியதில்லை, நானே சொல்லிவிட்டேன். மழையில் வண்டி நின்றதால் எல்லாரும் டிப்போ டீக்கடையில்தான் இருந்தார்கள். ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகச் சொன்னால் பேஜார் என்று எழுந்து நின்றேன். "எம்பொண்ணு பைலட் ஆகலபா. சரக்கு விமானத்துல வேற வேல, நல்ல வேல, அவளே புட்ச்சிக்கினா" என்றேன்.

அஜித்குமார் டீயை ஆற்றிக்கொண்டே, "தெரியும்ணே" என்றான்.

"இன்னா தெரியும்?"

"வேல எங்கியும் இல்லன்னு பேப்பர்லதான் போட்டுகினே இருந்தானே. நீ நொந்துக்குவன்னுதான் நாங்க இன்டர்வியூ எப்ப, எப்பன்னு கேட்டுகினு இருந்தோம்."

மேலாளரிலிருந்து பெட்ரோல் பங்க் ஆள் வரை எல்லாருக்கும் தெரியுமாம். நான் உனக்காகவும், நீ எனக்காகவும், டிப்போ முழுக்க நமக்காகவும் நடித்திருக்கிறோம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. பிறகு உன் வேலை என்ன என்று கேட்டார்கள். நீ எழுதியதைச் சொன்னேன். அஜித்குமார் குதித்து எழுந்துவிட்டான். "அப்ப எங்காளுண்ணே அவ! கண்டக்டரு! விசில் குடுக்காம டிரைவரு நவுர முடியாதுல்ல?" என்று கத்தினான். கண்டக்டர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டு டிரைவர்கள் எங்களை ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வருத்தம் வரும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். வந்தது நிம்மதிதான் மகளே. ஆகாயத்தில் நீ தனியாக இருப்பாயே என்ற பயத்தை யாரிடமும் சொன்னதில்லை. அதுவும் சேர்ந்து இறங்கிவிட்டது. மேல் படிப்புக்கு என்று நினைத்த பணம் மே மாதம் வந்ததும் அதில் அம்மா சமையலறைக்கு ஓடு மாற்றச் சொல்கிறாள். இந்த முறை வாய் திறந்தே சொன்னாள்.

இன்று காலை வந்தவாசி வண்டியைத் திரும்ப எடுத்தோம். இருபத்தொன்பது வருஷமாக விசில் கேட்டதும் கியரைப் போட்டுக் கிளம்பிவிடுவேன், பின்னால் யார் ஊதுகிறார்கள் என்று பார்த்ததில்லை. இன்று திரும்பி அஜித்குமாரைப் பார்த்து, "போலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

உன் அன்பு அப்பா,
சின்னதுரை